அண்ணனின் மோட்டார் சைக்கிளுக்கு வயர் இழுத்த வாரம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அன்று திங்கட்கிழமை. அதற்குள் அண்ணனின் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி, அவர் கண் முன்னால் ஒரு தடவையாவது லைட்டைப் போட்டுக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். வேன் வந்தால் அவரைக் கொழும்புக்குக் கிட்ட, வத்தளைப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்த மனுஷன் இந்த வண்டியை எங்கே பார்ப்பது?

நான் வீட்டு வயரிங் செய்கிறவன். கெலிஓயாவிலிருந்து கம்பளை வரைக்கும் ரோட்டோரம் இருக்கிற வீடுகளில் பாதிக்கு நான்தான் வயர் இழுத்தேன் என்று சொல்லிக்கொள்வேன். பாதி இருக்காது, கால்வாசி இருந்தால் பெரிய விஷயம். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். கோபம் அதைவிட நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்ததெல்லாம் இந்த இரண்டாலும்தான்.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தேயிலை அரைக்கிற மெஷின் நின்றுபோனால் அதன் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதைச் சொல்லவும் இரண்டு வார்த்தைதான் செலவழிப்பார். அவருடைய பங்கையும் சேர்த்து நான்தான் பேசித் தீர்த்தேன் என்று அண்ணி கேலி பண்ணுவார்.

மோட்டார் சைக்கிள் இங்கிலாந்துக்காரன் செய்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. ஃபெக்டரி ஸ்டோரில் சாக்குகளுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்ததை அண்ணன் எழுதிக் கேட்டு வாங்கி ஓட்ட வைத்தார். அதில்தான் வேலைக்குப் போனார், அதில்தான் அண்ணியைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அவருடைய ஒரே மகள் பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் வந்தாள், அவர் பின்னாலேயே இதில் வந்தார். அந்த மகள் இப்போது இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே இந்த மாதிரிப் பழைய வண்டிகளுக்கு இன்னும் சாமான் செய்து விற்கிறார்களாம். அண்ணன் கேட்டார் என்று புத்தம்புது வயரிங் செட் ஒன்றை வாங்கி அனுப்பினாள். முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரைக்கும் வண்டி முழுக்கப் போகிற எல்லா வயரையும் அளவாக வெட்டி, ஒரே கட்டாகத் துணியால் பின்னிய செட். பார்க்கக் கறுப்புச் சாரைப்பாம்பு மாதிரி பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது.

போன தைப்பொங்கல் முடிந்து, பழைய வயரையெல்லாம் அண்ணன் உருவி எடுத்தார். புதுசைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் நீட்டி வைத்தார். அதோடு சரி. அண்ணி பிளேன்டீ கொண்டுபோனபோது அதன் பக்கத்திலேயே விழுந்து கிடந்திருக்கிறார்.

பாரிசவாதம். வலது கையும் காலும் போய்விட்டது. பேச்சு மொத்தமாகப் போய்விட்டது. இடது கை மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டொக்டர் என்னைக் கூப்பிட்டு, அவருக்குப் புரிகிறதா இல்லையா என்று இப்போதே முடிவு பண்ணாதீர்கள், தினமும் உட்கார்ந்து பொறுமையாகப் பேசிப் பாருங்கள் என்று சொன்னார். பொறுமை! ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டாமா?

வீட்டுக்கு வந்ததிலிருந்து அண்ணன் தட்ட ஆரம்பித்தார். அவர் உட்காருவது ஒரு மரக் கைக்கதிரையில். இடது கை விரலில் வெள்ளி மோதிரம். கதிரைக் கையில் அந்த மோதிரம் படும்படி டக், டக், டக் என்று தட்டுவார். சோறு ஊட்டினால் தட்டுவார். குளிக்கத் தூக்கினால் தட்டுவார். ரேடியோவைப் போட்டாலும் தட்டுவார், அணைத்தாலும் தட்டுவார். நான் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். எது சொன்னாலும் தட்டுகிற மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. மூளை போய்விட்டது, கை மட்டும் தானாக ஓடுகிறது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். நான் சத்தமாகச் சொன்னால் எங்கள் வீட்டில் அதுதான் முடிவு.

அண்ணி நாலு மாதம் பார்த்தார். தூக்கி, துடைத்து, ஊட்டி, ஒரு நாள் விடிய அண்ணியே எழும்பவில்லை. நெஞ்சுவலி. சாவு வீட்டில் எல்லாக் காரியமும் என் தலையில்தான். அண்ணனை உடல் பக்கத்தில் வைக்கலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். புரியாத மனுஷனை ஏன் போட்டு அலைக்கழிக்கிறீர்கள் என்று நான்தான் சொன்னேன். கதிரையோடு தூக்கிப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். காலையிலிருந்து அவர் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி, அழுகிறவர்கள் நடுவில் வந்து விழுந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. குளித்துத் துடைக்கிற துவாய் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், கதிரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கயிற்றால் கட்டிவிட்டு வந்தேன். சத்தம் நின்றது. பெட்டியைத் தூக்கினோம்.

பிறகு அவரை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தோட்டத்து வீட்டைக் காலி பண்ணிச் சாமான்களை லொறியில் ஏற்றினேன், மோட்டார் சைக்கிளும் அந்த லொறியில்தான் வந்தது. கதிரையும் வந்தது, துவாய் கட்டினபடியே. கெலிஓயாவில் ஏழு மாதம் என் மனைவி பார்த்தாள். அவளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பே போய்விட்டது. அண்ணன் மகள் ஒரு நாள் தொலைபேசியில் அழுதுகொண்டே, வத்தளையில் நல்ல இடம் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும், தானும் அந்த வேலைதான் செய்வதால் எது நல்லது என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினோம். அண்ணன் ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தார். அலுமாரியை எங்கே மாற்றி வைப்பது என்று பேசுகிற மாதிரி அவரை வைத்துக்கொண்டே பேசி முடித்தோம். துவாயின் மேல் கை டுப், டுப் என்று விழுந்துகொண்டிருந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த நிலைமையில்தான் எனக்கு வண்டி ஞாபகம் வந்தது. அவர் பாதியில் விட்ட வேலை. ஃபெக்டரி மெஷின் சத்தத்தில் வாழ்ந்த காது, வண்டிச் சத்தம் கேட்டால் ஒருவேளை உள்ளே எங்காவது போய்ச் சேரும் என்று ஒரு நப்பாசை. அதோடு, உண்மையைச் சொன்னால், ஆளை அனுப்பிவிடுகிறோமே என்கிற குற்றத்துக்கு ஒரு பரிகாரம் மாதிரியும் இருந்தது.

திங்கட்கிழமை வண்டியைக் கொட்டிலுக்கு வெளியே இழுத்து, பெட்ரோல் டேங்கையும் சீட்டையும் கழற்றினேன். அண்ணனைக் கதிரையோடு தூக்கிவந்து எதிரில் நிழலில் வைத்தேன். வயரிங் செட்டை விரித்தால் கை கால் முளைத்த மாதிரி ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு கிளை. விளக்குக்கு, ஹோனுக்கு, பேட்டரிக்கு, பின்பக்க பிரேக் லைட்டுக்கு. கூடவே ஒரு காகிதம், அதில் ஆங்கிலத்தில் படம் போட்டு எந்த நிறம் எங்கே போகும் என்று எழுதியிருந்தது. எனக்கு எதற்குக் காகிதம்? மூன்று மாடிக் கட்டடத்துக்கு வயர் இழுத்தவன் நான்.

முன் விளக்கிலிருந்து ஆரம்பித்தேன். வீட்டு வேலையில் வயரை இறுக்கி நேராக இழுத்தால்தான் அழகு. அதே மாதிரி ஹேண்டிலைத் தாண்டி டேங்குக்குக் கீழே இறுக்கி இழுத்துக் கட்டினேன். அண்ணன் தட்டினார். ஆமாம், ஆமாம், தட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். கட்டி முடித்து ஹேண்டிலைத் திருப்பினால் வயர் விறைத்துக்கொண்டு நிற்கிறது. திரும்புகிற இடத்தில் தளர்ச்சி விட வேண்டும் என்கிற சின்னப் பிள்ளைக் கணக்கு எனக்கு ஓடவில்லை. எல்லாக் கட்டையும் வெட்டி, என்னையே திட்டிக்கொண்டு, திரும்ப இழுத்தேன். அவர் எதற்குத் தட்டினார் என்று அப்போதாவது யோசித்திருக்கலாம். எங்கே!

செவ்வாய்க்கிழமை கண்டிக்குப் போனேன். ஆறு வோல்ட் பேட்டரிக்கு மார்க்கெட் பக்கத்திலிருந்து குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் பேட்டரி கிடைத்தது கெலிஓயாவிலேயே, எனக்குத் தெரிந்த முஸ்லிம் நானா ஒருவரின் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில். நம் ஊர் ஆளிடம் முதலில் கேட்காமல் கண்டி முழுக்கச் சுற்றிவிட்டு வந்ததற்கு அவர் என்னைப் போட்டுப் பின்னிவிட்டார். அப்போது காகிதத்தை அவரிடம் காட்டினேன். சிவப்பு வயரெல்லாம் பிரேமில் கட்டச் சொல்லிப் போட்டிருக்கிறதே, இது அச்சடித்தவன் விட்ட பிழைதானே என்று கேட்டேன். வண்டியின் இரும்பு உடம்பில் போய்ச் சிவப்பைக் கட்டுவதா? அவர் புது வண்டிச் சாமான் விற்கிறவர், பழைய இங்கிலாந்து வண்டிகளில் என்னென்னவோ விசித்திரம் இருக்கும், தனக்குத் தெரியாது என்றார். வீட்டில் உங்கள் அண்ணன் இருக்கிறாரே, அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்களேன் என்றார். அவரிடம் கேட்டால் தட்டுவார் என்று சொல்லிவிட்டு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

புதன்கிழமை காலையில் மிச்ச வேலை. வீட்டு வயரிங்கில் நாங்கள் படித்த பாடம் ஒன்றுதான். சிவப்பு கரண்ட், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். சிவப்பு என்றால் உயிர் உள்ள வயர், தொட்டால் தூக்கிப் போடும். அது கையில் ஊறிப்போனது. இந்த செட்டில் சிவப்பு வயர்கள் நாலைந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் பிரேமில் முடுக்குவதற்கு என்றே ஒரு வளையம். கரண்ட் வயரைக் கொண்டுபோய் இரும்பில் முடுக்கச் சொன்னால் எந்த வயர்மேன் முடுக்குவான்? லொறி, கார், ஓட்டோ எல்லாவற்றிலும் பேட்டரியின் மைனஸ்தான் உடம்புக்குப் போகும், பிளஸ்தான் கரண்டாக ஓடும். ஆகையால் என் புத்திசாலித்தனத்தில், திங்கட்கிழமை கட்டு தொங்காமல் இருக்க மட்டும் பிரேமில் முடுக்கி வைத்திருந்த சிவப்பையெல்லாம் பிரித்து, பேட்டரியின் பிளஸ் பக்கம் சேர்த்துக் கட்டினேன். மைனஸிலிருந்து ஒரு கறுப்பு வயரைத் தனியாகப் போட்டு பிரேமில் முடுக்கப் போனேன்.

அண்ணன் தட்ட ஆரம்பித்தார். வழக்கமான தட்டு இல்லை. கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கித் தூக்கி அடித்தார். துவாய் சத்தத்தை விழுங்கியது, ஆனால் கதிரையே ஆடியது. உடம்பு முன்னால் சரிந்து, விழுந்துவிடுவாரோ என்று என் மனைவி குசினியிலிருந்து ஓடிவந்து பிடித்தாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கையில் இருந்த ஸ்பேனரைத் தரையில் அடித்தேன்.

"சும்மா இருங்கண்ணே! முப்பது வருஷமா நான் புடிக்காத வயரா? ஒண்ணும் புரியாம ஏன் இப்படி உசுர வாங்குறீங்க?"

அவர் கை அந்தரத்தில் நின்றது. மெதுவாக இறங்கி மடியில் விழுந்தது. நான் திரும்பிப் போய்க் கறுப்பு வயரை முடுக்கினேன்.

கடைசித் திருகு உட்காரும்போதே டேங்க் இருந்த இடத்துக்குக் கீழே சுர்ரென்று சத்தம். துணி கருகுகிற வாடை. வயர் கட்டின் முதுகிலிருந்து வெள்ளைப் புகை கோடு கோடாக எழும்பியது. பேட்டரி வயரைக் கையால் பிடித்து இழுத்தேன், உள்ளங்கை பொசுங்கியது. அறுந்து வந்தது. அதற்குள் செட்டின் நடு முதுகு ஒரு முழ நீளத்துக்கு எரிந்து, பிளாஸ்டிக் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு உட்கார்ந்து பார்த்தபோது எல்லாம் புரிந்தது. அந்த வண்டி தலைகீழ் வண்டி. அதில் பிளஸ்தான் உடம்புக்குப் போக வேண்டும். காகிதத்தில் இருந்தது பிழை இல்லை. சிவப்பு வயர்களில் ஒன்றை மட்டும் கவனிக்காமல், பிரிக்காமலே விட்டிருந்தேன், சீட்டுக்குக் கீழே ஒரு போல்டில் அது முடுக்கியபடியே இருந்தது. அந்த போல்ட் பிரேமோடு பிரேம். நான் மைனஸைப் பிரேமில் வைத்ததும் பிளஸும் மைனஸும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. நடுவில் ஒரு ஃபியூஸாவது போட்டேனா? ஊருக்கெல்லாம் ஃபியூஸ் பெட்டி மாட்டுகிறவன், அதுவும் போடவில்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நேரத்தில் நான் எரிந்த கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அண்ணன் வண்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலும் அசைவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த ஒரு மனுஷன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தார்.

எழும்பிப் போய் எரியாத ஒரு சிவப்பு நுனியை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். இது மைனஸுக்கா என்று கேட்டேன். தட்டினார். பிரேமுக்கா என்று கேட்டேன். கை அசையவில்லை. ஒரு தடவை தற்செயல் என்று வைத்துக்கொள்ளலாம். கலஹா கடற்கரையிலா இருக்கிறது என்று கேட்டேன். தட்டினார். நான் உங்கள் மாமனா என்று கேட்டேன். தட்டினார். நான் உங்கள் தம்பியா? கை அப்படியே இருந்தது. இடது பக்கத்து உதடு மட்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. என் முட்டாள்தனத்துக்குச் சிரித்திருக்கிறார் போலிருக்கிறது.

வேண்டாம் என்பதற்கு மட்டும்தான் அவர் தட்டினார். பதினொரு மாதமும் அப்படித்தான் தட்டியிருக்கிறார். சரி என்றால் சும்மா இருப்பார். எந்த நாளும் அளந்து பேசின மனுஷன், சரிக்கு எதற்குச் சத்தம் என்று விட்டிருப்பார். ரேடியோவைப் போட்டதற்குத் தட்டியது நான் காது கிழிகிற மாதிரி வைத்ததற்கு. அணைத்ததற்குத் தட்டியது அணைக்கச் சொல்லவில்லையே என்று. சோற்றுக்குத் தட்டியது சூடு என்று. நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவர் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் அதையும் கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"அண்ணியக் கடைசியாப் பார்க்கணும்னுதான் அன்னைக்கு விடாமத் தட்டினீங்களா?"

கை அசையவில்லை. இரண்டு கண்ணிலும் தண்ணீர் இறங்கியது. துடைக்க அவருக்கு ஒரு கைதான், அதையும் அவர் தூக்கவில்லை. தூக்கினால் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் கதிரைக்கு முன்னால் மண்டியிட்டு, அந்தத் துவாயின் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். அடியில் கதிரைக் கை வெளுத்துப் போயிருந்தது. முன்பு மோதிரம் பட்டுப் பட்டு ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. நான் ஓவென்று அழுதேன். அறுபதை நெருங்குகிற ஆள், வெட்கம் கெட்டுப்போய், அக்கம்பக்கம் கேட்க அழுதேன்.

வியாழனும் வெள்ளியும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தோம். எரிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, என் வீட்டு வேலை வயரில் நிறம் பார்த்து எடுத்து ஒட்டுப்போட்டேன். ஒவ்வொரு நுனியையும் தூக்கிக் காட்டி, இது இங்கேயா அண்ணே என்று கேட்பேன். டக் என்றால் அடுத்த இடத்தைக் காட்டுவேன். சத்தம் இல்லை என்றால் முடுக்குவேன். துவாய் இல்லாத கதிரையில் அந்த மோதிரச் சத்தம் என்ன தெளிவாகக் கேட்டது! அவர் வாயால் பேசின காலத்தில்கூட நான் அவரை இத்தனை கேள்வி கேட்டதில்லை. ஒரு இடத்தில் ஒட்டு மொத்தையாகிவிட்டது என்று மூன்று தடவை தட்டி அவிழ்க்க வைத்தார். ஃபிட்டர் ஃபிட்டர்தான்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டிருந்தது, அதை மறைக்க மாட்டேன். இனி எதற்கு வேன்? எதற்கு வத்தளை? புரியாத மனுஷனைத்தானே அனுப்ப முடிவு பண்ணினோம். இவர் புரிகிற மனுஷன். மனைவிக்கு உதவிக்கு ஆள் வைக்கலாம், நான் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் திட்டம் போட்டேன். வண்டி ஓடினதும் சொல்லலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி இருக்கும். டேங்கையும் சீட்டையும் திரும்பப் பூட்டிப் பெட்ரோல் ஊற்றிவிட்டு, பேட்டரியை மாட்டினேன், பிளஸ் பிரேமுக்கு. இந்த முறை நடுவில் ஃபியூஸ். புகை இல்லை. சாவியைத் திருப்பி மிதித்தேன். ஒன்று, இரண்டு. மூன்றாவது மிதிக்கு வண்டி இருமிக்கொண்டு எழும்பியது. டுக்கு டுக்கு என்று கனமாக ஒரு சத்தம், கொட்டில் தகரம் அதிர்ந்தது. முன் விளக்கைப் போட்டேன். மஞ்சளாக, சோகை பிடித்த மாதிரி, ஆனால் எரிந்தது. வெளிச்சம் அண்ணனின் மடியில் போய் விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, மெஷினைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். கை கதிரையில் அசையாமல் கிடந்தது. எல்லாம் சரி என்று அர்த்தம்.

வண்டியை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, எங்கேயும் போக வேணாம். இங்கேயே, என் கூடவே இருங்க. இருக்கீங்களா?"

டக்.

கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பது என் தொழில். அப்படியானால் வத்தளைக்குப் போகிறீர்களா என்று திருப்பிக் கேட்டேன். கை அசையவில்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் ரோட்டில் போகிற சத்தம் கேட்டது. கை அசையவே இல்லை.

என் மனைவிதான் தாங்க முடியாமல் முன்னால் வந்தாள். நான் பார்த்துக்கொண்டது பத்தவில்லையா அண்ணே, என் மேல் ஏதாவது மனக்குறையா என்று அழுதுகொண்டே கேட்டாள். அவர் உடனே தட்டினார், இரண்டு தடவை. அவள் இடுப்பு போனதற்காகத்தான் போகிறீர்களா என்று நான் கேட்டேன், அப்படியாவது இருக்கட்டும் என்று. அதற்கும் தட்டினார். மகள் சொல்லிவிட்டாளே என்பதற்காகவா? தட்டினார்.

மிச்சம் இருந்தது நான் ஒருத்தன்தான். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

அண்ணன் மகளைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள் சித்தப்பா, நானே கேட்கிறேன் என்றாள். கேட்டாள். அவளுக்கும் அதே பதில். பதினொரு மாதம் அவர் வேண்டாம் என்றது எதையும் நான் கேட்டு நடந்ததில்லை. முதல் தடவையாகக் கேட்டு நடக்க வேண்டியது இதுவாக இருந்தது. வேனை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிறுத்தச் சொல்லியிருந்தால் திரும்பவும் துவாயைக் கட்டின மாதிரி ஆகியிருக்கும்.

சனிக்கிழமை வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. கதிரையையும் ஏற்றச் சொன்னேன். அங்கே பேசுவதற்கு அவருக்கு அது வேண்டும். ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில், தமிழிலும் எனக்குத் தெரிந்த சிங்களத்திலும், இவர் தட்டினால் வேண்டாம் என்று அர்த்தம், இவருக்கு எல்லாம் புரியும் என்று எழுதிக் கதிரை முதுகில் ஒட்டினேன். என் மனைவி திருநீறு பூசிவிட்டாள். வேன் புறப்பட்டது. நான் மோட்டார் சைக்கிளை உதைத்து, பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு, பேராதனைப் பாலம் வரைக்கும் பின்னாலேயே போனேன். அவருக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. சத்தம் கேட்டிருக்கும்.

இப்போது ஒவ்வொரு மாதமும் வத்தளைக்குப் போகிறேன். அவர் முன்னால் உட்கார்ந்து வண்டியைப் பற்றிச் சொல்வேன். சாப்பாடு நன்றாக இருக்கிறதா, வெயில் படுகிறதா, முதுகில் தலகாணி வைக்கவா என்று எல்லாம் கேட்பேன். தட்டினால் மாற்றி வைப்பேன். புறப்படும்போது மட்டும், அடுத்த மாதமும் வரட்டுமா அண்ணே என்று கேட்க வாய் வரைக்கும் வரும். இதுவரைக்கும் கேட்டதில்லை. கேட்காமலே போய்க்கொண்டிருக்கிறேன்.